வேல்ஸ் கடலோரம்: யார் வீட்டில் விடுமுறை?

வேல்ஸில் ஒரு வாரம் தங்க இடம் தேடுபவருக்குக் காத்திருக்கும் வீடுகளின் வகையைப் பார்த்தால் வியப்பு அடங்க நேரமாகும். முதலாம் எட்வர்ட் மன்னன் 1283இல் கட்டத் தொடங்கிய கைர்னார்வன் நகரின் மதிலில், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு கோபுரத்துக்குள் கட்டில் போட்டுக் கொடுக்கிறார்கள். பிரெஞ்சுக் கடற்படை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் 1850களில் மில்ஃபோர்டு ஹேவன் துறைமுக வாயிலில் எழுப்பிய பீரங்கிக் கோட்டையில் இன்று சமையலறையும் வெந்நீரும் உண்டு. இறந்த மனைவியின் நினைவாக ஒருவர் 1790இல் கட்டிய பொய்க்கோட்டை, காவலர்கள் வெளியேறிவிட்ட கலங்கரை விளக்கக் குடியிருப்பு, பாட்டு நின்றுபோன சிற்றாலயம், சிலேட்டுச் சுரங்கத் தொழிலாளியின் இரண்டறைக் குடில் என்று பட்டியல் நீள்கிறது. நாட்டின் மக்கள்தொகையோ 31 லட்சம்தான். இவ்வளவு சிறிய நாட்டில் இத்தனை விதவிதமான வீடுகள் வெளியூராருக்காகத் திறந்திருப்பதைப் படம்பிடித்துப் போட்டால் எந்தப் பயண இதழின் அட்டையும் அழகாகிவிடும்.

அழகோடு நிறுத்திக்கொள்ள முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. இந்த வீடுகளில் ஒரு பகுதி, விடுமுறைக்கு வருபவர் கொடுக்கும் பணத்தால் மட்டுமே இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. இன்னொரு பகுதி, அதே பணத்தால் ஊரிலிருந்து பிடுங்கப்பட்டது. விளம்பரப் படத்தில் இரண்டுக்கும் ஒரே கற்சுவர், ஒரே கணப்பு, ஒரே கடல். ஆனால் முதலாவது வேல்ஸுக்குக் கிடைத்த நன்மை. இரண்டாவது வேல்ஸின் உயிரை அரிக்கும் நோய். இரண்டையும் ஒன்றாகப் போற்றுவதும் தவறு, ஒன்றாகத் தூற்றுவதும் தவறு. ஒரு கட்டடத்தில் இன்றைக்கு அந்த ஊர்க் குடும்பம் ஒன்று குடியிருக்க முடியுமா, முடியாதா என்ற கேள்விதான் இரண்டையும் பிரிக்கும் கோடு. வரியும் சட்டமும் பயணியின் தேர்வும் அந்தக் கோட்டை ஒட்டியே அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நன்மையைப் பார்ப்போம். வேல்ஸின் விசித்திரமான கட்டடங்களில் எதுவும் விசித்திரத்துக்காகக் கட்டப்பட்டதில்லை. ஒன்றிரண்டு செல்வந்தர்களின் பொய்க்கோட்டைகளை விட்டுவிடலாம். ஒவ்வொன்றையும் ஒரு வேலை கட்டியது. பிரிஸ்டல் கால்வாயின் வேல்ஸ் கரையில் உள்ள நாஷ் முனையில் 1831இல் ‘ஃப்ராலிக்’ என்ற நீராவிக் கப்பல் மணல்திட்டில் மோதிப் பலர் இறந்தார்கள்; அதனால் அடுத்த ஆண்டே அங்கே கலங்கரை விளக்கம் எழுந்தது. விளக்கை ஏற்றிக் காக்க ஆட்கள் வேண்டும், ஆட்களுக்குக் குடும்பம் உண்டு, ஆகவே பக்கத்திலேயே தடித்த சுவரோடு வீடுகள். பிறகு மின்சாரமும் தானியங்கிக் கருவிகளும் வந்தன. வேல்ஸில் ஆள் காவலில் இருந்த கடைசி விளக்கமாக நாஷ் முனை 1998 வரை தாக்குப்பிடித்தது. காவலர்கள் போனதும் எஞ்சியது என்ன? காற்றும் உப்பும் நாள்தோறும் அறையும் பாறைமுனையில், கடைக்கும் பள்ளிக்கும் தொலைவில், சுண்ணாம்பு பூசிய வெற்று வீடுகள். அங்கே ஆண்டு முழுதும் குடியேற வரிசை நிற்கவில்லை. வாரக் கணக்கில் தங்க வருபவர்கள் நின்றார்கள். அவர்கள் தரும் வாடகையில்தான் கூரை ஒழுகாமல் இருக்கிறது. யாருடைய இடத்தையும் அவர்கள் பறிக்கவில்லை.

இந்த வழியை ஒரு கொள்கையாகவே வகுத்தவர்கள் ஜான் ஸ்மித், கிறிஸ்டியன் ஸ்மித் தம்பதி. 1965இல் அவர்கள் தொடங்கிய ‘லேண்ட்மார்க் டிரஸ்ட்’ என்னும் அறக்கட்டளை, அருங்காட்சியகமாக்குவதற்குச் சிறியதாகவும் குடும்பம் நடத்துவதற்குத் தோதில்லாததாகவும் உள்ள பழங்கட்டடங்களை வாங்கிச் சீராக்கி, விடுமுறை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பராமரிக்கிறது. இன்று பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ 200 கட்டடங்கள் அதன் பொறுப்பில். அவர்களுடைய முதல் கட்டடமே வேல்ஸில்தான் இருந்தது: தென்மேற்கில் லாண்டிகுவித் ஊரின் தேவாலயத்தை ஒட்டிய சிறுவீடு. பின்னாளில் அந்தத் தேவாலயமே இடிக்கப்பட்டுவிட்டது. அதைச் சார்ந்திருந்த வீடு நிற்கிறது.

அந்த அறக்கட்டளையின் வேலைகளில் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது மன்மத்ஷயரில், கருமலைகளின் அடிவாரத்தில் உள்ள லுவின் கெலின். அதன் மரங்களின் வளையங்களை ஆராய்ந்து 1420இல் கட்டப்பட்டதென்று கண்டிருக்கிறார்கள். ஆங்கில ஆட்சிக்கு எதிரான ஓவைன் க்ளின்தூரின் கலகம் அப்போதுதான் அடங்கியிருந்தது. ஊர்கள் எரிந்து, வயல்கள் பாழ்பட்டுக் கிடந்த அந்தக் காலத்தில் வேல்ஸில் யாரும் பெரிய வீடு கட்டியதாகவே அதிகம் தெரியவில்லை. ஆகவே இதன் இருப்பே ஒரு வரலாற்றுச் சான்று. நடுவில் உயர்ந்த கூடம். அதில் புகைபோக்கி இல்லாத திறந்த அடுப்பு. புகை மேலேறிக் கூரை மரங்களைக் கரியாக்கியிருக்கிறது. சில நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள் புகைபோக்கி வைத்து, கூடத்தின் நடுவே மாடி எழுப்பி வாழ்ந்தார்கள். 21ஆம் நூற்றாண்டு வரை உழவர் குடும்பம் அங்கே இருந்தது. ஆனால் அதற்குள் மழைநீர் சுவருக்குள் இறங்கி, உத்தரங்கள் தளர்ந்து, வெளியே சாரம் கட்டித் தாங்கிப் பிடிக்கும் நிலை. 2018இல் சீரமைப்பு முடிந்தபோது ஆன செலவு 40 லட்சம் பவுண்டுக்கு மேல். பெரும்பகுதி தேசியப் பாரம்பரிய லாட்டரி நிதியிலிருந்து வந்தது. அங்கே குடியிருந்த அரிய வகை வௌவால்களுக்கும் தனி இடம் செய்து கொடுத்தார்கள்.

லுவின் கெலின் என் வாதத்துக்கு வசதியான சான்று மட்டும் கிடையாது, அதைச் சோதிக்கும் சான்றும்கூட. நாஷ் முனையைப் போல வேலை போனதால் காலியான கட்டடம் இல்லை இது. அறுநூறு ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த வீடு. அதை விடுமுறை வீடாக்கியது ஒரு குடியிருப்பைப் பறித்ததாகாதா? ஆகாது. முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் வீட்டில் ஒரு சன்னலை மாற்றவும் அனுமதி வேண்டும். பழைய முறையில் சுண்ணாம்புக் காரை குழைக்கத் தெரிந்த கொத்தனாரும் கருவாலி மரத்தைச் செதுக்கத் தெரிந்த தச்சரும் வேண்டும். 40 லட்சம் பவுண்டு போட்டு எந்த உழவர் அதில் குடிபுகுவார்? புகக்கூடிய ஒருவர் இருந்தால் அவர் பெருஞ்செல்வராக இருப்பார். அதன் பிறகு அந்தக் கூடத்தை வேறு எவரும் பார்க்க முடியாது. ஆகவே அளவுகோல், முன்பு வீடாக இருந்ததா என்பதில் இல்லை. இன்றைக்குச் சாதாரண வருமானம் உள்ள ஒரு குடும்பத்துக்கு அது வீடாக முடியுமா என்பதில் இருக்கிறது. வடக்கே டோல்பெலிடர் மாளிகையும் இப்படித்தான். 1593இல் வெளியான வேல்ஸ் மொழி இலக்கண நூலை எழுதிய ஹென்றி சாலிஸ்பரியின் வீடு அது. கூரை விழுந்து பாழடைந்து கிடந்ததை 2000களின் தொடக்கத்தில் மீட்டெடுத்தார்கள். அன்று அதன் சொந்தக்காரர்களாக இருந்தவை காற்றும் மழையும்தான்.

இதே வரிசையில் பார்ட்ஸி தீவையும் வைக்கலாம். வேல்ஸ்காரர்கள் எனிஸ் என்லி என்று அழைக்கும் இந்தத் தீவு லீன் தீபகற்பத்தின் நுனிக்கு அப்பால் கிடக்கிறது. 1979இல் ஓர் அறக்கட்டளை அதை வாங்கியது. 19ஆம் நூற்றாண்டில் கட்டிய பண்ணை வீடுகளைக் கோடை மாதங்களில் வார வாடகைக்கு விடுகிறார்கள். மின்கம்பி கிடையாது, கழிப்பறை வீட்டுக்கு வெளியே, படகு போவதும் வருவதும் கடலின் மனநிலையைப் பொறுத்தது. அந்த வாடகைப் பணமும் ஆட்டுமந்தையும் சேர்ந்துதான் அங்கே ஒரு சிலர் நிலையாக வாழ முடிகிறது; வாடகை நின்றால் தீவு பறவைகளுக்கு மட்டுமே மிஞ்சும். போர்ட்மெய்ரியன் வேறு வகை. க்ளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925 முதல் ஐம்பது ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கட்டிய அந்த வண்ண ஊர் தொடக்கத்திலிருந்தே விருந்தினருக்கானது. பிற இடங்களில் இடிபட்ட மாளிகைகளின் துண்டுகளை வாங்கி வந்து பொருத்தினார். ஃப்ளிண்ட்ஷயரின் எம்ரல் மாளிகையின் கூடத்து விதானத்தை 13 பவுண்டுக்கு ஏலமெடுத்தார். அதன் மீது யாருக்கும் மனத்தாங்கல் இருக்க நியாயமில்லை.

மனத்தாங்கல் தொடங்குவது குடிலில். லீன் தீபகற்பத்திலும் பெம்ப்ரோக்ஷயரிலும் சுற்றுலா விளம்பரங்கள் கொண்டாடும் வெள்ளைக் குடில் ஏழைகளின் வீடு. ஒரு பக்கம் கணப்பு உள்ள அறை, மறுபக்கம் படுக்கை, அதன் மேல் பிள்ளைகள் உறங்குவதற்கு ஏணி வைத்து ஏறும் பரண். மீனவரும் கூலி உழவரும் குவாரித் தொழிலாளியும் கட்டிக்கொண்டது. இன்றும் கூரை மாற்றி, கழிப்பறை சேர்த்தால் ஓர் இளம் தம்பதி முதல் குடித்தனம் நடத்த ஏற்ற அளவு. சிறியது என்பதால் ஒரு காலத்தில் மலிவாக இருந்தது. சிறியது என்பதாலேயே விடுமுறைக்காரருக்கும் பிடித்துப்போனது. ஊரில் முதல் வீடு வாங்க நினைக்கும் செவிலியரும், லிவர்பூலிலிருந்தோ லண்டனிலிருந்தோ இரண்டாம் வீடு தேடுபவரும் ஏலத்தில் ஒரே கதவின் முன் நிற்கிறார்கள். யார் வெல்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லீனில் உள்ள அபர்சோக் கடற்கரையில் மின்சாரமோ குழாய்நீரோ இல்லாத மரக்குடிசை ஒன்று 2015இல் ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. நீச்சல் உடை மாற்றவும் மடக்கு நாற்காலி வைக்கவும் பயன்படும் குடிசை அது.

அபர்சோக்கின் வேல்ஸ் வழித் தொடக்கப் பள்ளி ஏறத்தாழ நூறாண்டு நடந்து 2021 டிசம்பரில் மூடப்பட்டது. மாணவர் எண்ணிக்கை பத்துக்கும் கீழே போய்விட்டது. பள்ளி மூடுவதற்குப் பிறப்பு விகிதம் குறைவது முதல் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் கோடையில் நிரம்பி வழியும் ஓர் ஊரில் வகுப்பறை காலியாவதற்கு ஒரு காரணம் மற்றவற்றை விடப் பெரியது: குடும்பங்கள் ஆண்டு முழுதும் வாழ வீடு இல்லை. பெம்ப்ரோக்ஷயரில் கும்-அர்-எக்லுய்ஸ் என்றொரு குடா உண்டு. 1859இல் வீசிய பெரும்புயல் அங்கிருந்த தேவாலயத்தை அடித்துச் சென்றது. மணிக்கூண்டு வைத்த ஒற்றைச் சுவர் இன்றும் கடலோரம் நிற்கிறது. அந்தச் சுவரைச் சுற்றியுள்ள வீடுகளில் நிரந்தரமாக வசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீடுகள் நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன, தோட்டங்கள் பூக்கின்றன. ஜனவரி மாதத்தில் வயதான ஒருவர் கீழே விழுந்தால் ஓடிவரப் பக்கத்து வீட்டில் ஆள் இருக்காது.

ஊர் காலியாவதன் விலையை வேல்ஸ் மற்ற இடங்களை விடக் கூடுதலாகக் கொடுக்கிறது, மொழி இருப்பதால். 2011இல் 5,62,000 பேர் வேல்ஸ் மொழி பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் அது 5,38,000 ஆகி, மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள மக்களில் 17.8 சதவீதமாகச் சுருங்கியது. 2050க்குள் பத்து லட்சம் பேரைப் பேச வைப்பது வேல்ஸ் அரசின் இலக்கு. நகரப் பள்ளிகளில் கற்றுக்கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டலாம். ஆனால் கடையில், ஆட்டுச் சந்தையில், கால்பந்துத் திடலில் யோசிக்காமல் அந்த மொழி நாவில் வரும் இடங்கள் குவினெத், ஆங்கிள்சி போன்ற மேற்குப் பகுதிகளில்தான் இருக்கின்றன. குவினெத்தில் இன்றும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் பேசுகிறார்கள். விடுமுறை வீடுகள் குவியும் கடலோரமும் அதுவேதான். இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வடமேற்கு முனை முழுவதும் பொருந்திவிடும். மொழியைப் பேச இரண்டு பேர் ஒரே தெருவில் ஆண்டு முழுதும் இருக்க வேண்டும். அதற்கு மாற்றுவழி எந்த அரசிடமும் இல்லை.

இந்த வேதனை புதியதும் இல்லை. 1979 டிசம்பரில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை ‘மைபியோன் க்ளின்தூர்’ என்ற மறைமுகக் குழு இங்கிலாந்துக்காரர்களின் விடுமுறை வீடுகளைத் தீவைத்து எரித்தது. எரிந்த வீடுகள் 200க்கும் மேல். வேல்ஸ் மக்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, ஏற்கவும் கூடாது. தீயில் எரிந்த வீடு விடுமுறைக்காரருக்கும் இல்லை, ஊர்க்காரருக்கும் இல்லை. வேல்ஸ் மொழிச் சங்கம் போன்ற அமைப்புகள் ஊர்வலமும் மறியலும் சட்டக் கோரிக்கையுமாகத் தொடர்ந்து போராடியதால்தான் மாற்றம் வந்தது.

வந்த மாற்றத்தின் சாரம் இது. 2014ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின்படி, 2017 முதல் இரண்டாம் வீடுகள் மீது கவுன்சில் வரியை இரட்டிப்பாக்க உள்ளாட்சிகளுக்கு உரிமை கிடைத்தது. 2023 ஏப்ரல் முதல் கூடுதல் வரி 300 சதவீதம் வரை போகலாம். குவினெத் 150 சதவீதம் விதித்தது. ஆனால் அதற்கு முன்பே ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆண்டில் 70 நாள் வாடகைக்கு விட்டதாகக் காட்டினால் இரண்டாம் வீடு ‘தொழில்’ ஆகிவிட்டது. சிறுதொழில் சலுகையில் வரியே இல்லாமல் போகவும் வாய்ப்பிருந்தது. இந்த ஓட்டையை அடைக்கவே 2023இல் வரம்பை உயர்த்தினார்கள்: ஆண்டில் 252 நாள் வாடகைக்குத் தயாராக இருக்க வேண்டும், 182 நாள் உண்மையிலேயே ஆள் தங்கியிருக்க வேண்டும். இதற்கிடையே 2022 அக்டோபரில் திட்டமிடல் சட்டம், முதன்மை வீடு, இரண்டாம் வீடு, குறுகிய கால வாடகை வீடு என்று மூன்று வகைகளை முதன்முறையாகப் பிரித்தது. அதைப் பயன்படுத்தி, குடியிருப்பை விடுமுறை வீடாக மாற்ற அனுமதி பெற வேண்டும் என்று குவினெத் கவுன்சில் 2024 செப்டம்பரில் ஆணை கொண்டுவந்தது. ஆணையை எதிர்த்து உள்ளூர் வீட்டுச் சொந்தக்காரர்களே நீதிமன்றம் போனார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வதைத் தட்டிக்கழிக்க முடியாது. முதல் வாதம் வரலாற்றைச் சார்ந்தது. 1960களில், 70களில் இந்தக் குடில்களை உள்ளூர்க்காரர்களே விட்டுவிட்டுப் போனார்கள். ஈரச்சுவரும் கிணற்று நீரும் வேண்டாம் என்று கவுன்சில் கட்டிய புது வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். வெளியூர்க்காரர் வாங்கியிருக்காவிட்டால் பாதிக் குடில்கள் இடிந்திருக்கும் என்கிறார்கள். உண்மை. பெட்டுஸ்-அ-கோய்தின் மேலே மலைக்காட்டில் உள்ள ரிவ்தோலியன் அதற்குச் சாட்சி. சிலேட்டுக் குவாரி மூடியதும் ஊரே கலைந்துபோனது. இன்று பழைய சிற்றாலயமும் சில வீடுகளும் லேண்ட்மார்க் கையில் விடுமுறை வீடுகளாக இருக்கின்றன. அங்கே போய்ச் சேரவே கரடுமுரடான பாதையில் ஏற வேண்டும். ஆனால் இந்த உண்மை ரிவ்தோலியனுக்குப் பொருந்தும் அளவுக்கு அபர்சோக்குக்குப் பொருந்தாது. யாரும் வேண்டாத வீட்டை வாங்கிய காலம் முடிந்துவிட்டது. இன்று எல்லாரும் கேட்கும் வீட்டுக்குத்தான் போட்டி. தாத்தா காலத்தில் ஒருவர் பாழடைந்த வீட்டைக் காப்பாற்றினார் என்பது, இன்று வேறொருவர் நல்ல வீட்டைக் காலியாக்குவதற்கு நியாயமாகாது.

இரண்டாவது வாதம் வயிற்றுப்பாட்டைப் பற்றியது. நான் மிகவும் மதிப்பது இதைத்தான். வேல்ஸில் பத்தில் ஒரு வேலைக்கு மேல் சுற்றுலாவை நம்பியிருக்கிறது. மலைச்சரிவில் ஆடு வளர்த்து மட்டும் குடும்பத்தை ஓட்ட முடியாத உழவர், பயன்படாத தொழுவத்தையோ கதிரடிக்கும் களஞ்சியத்தையோ செப்பனிட்டு விருந்தினருக்கு விடுகிறார். அந்த வருமானம் அவர் மகனை ஊரில் நிறுத்துகிறது. அவர் மகன் வேல்ஸ் மொழி பேசுகிறவன். குளிர்காலம் நீண்ட நாட்டில் 182 நாள் நிரப்புவது பலருக்கு முடியாத காரியம். நிரப்ப முடியாவிட்டால் இரண்டாம் வீட்டுக்காரரின் தண்டவரி இவர் தலையிலும் விழும் என்ற குறை நியாயமானது. வேல்ஸ் அரசே இதை ஓரளவு உணர்ந்தது. விடுமுறை வாடகைக்கு மட்டுமே பயன்படுத்தலாம், நிரந்தரக் குடியிருப்பு கூடாது என்ற திட்டமிடல் நிபந்தனை உள்ள கட்டடங்களுக்கு 2023 முதல் கூடுதல் வரியிலிருந்து விலக்கு தந்தது. களஞ்சியத்திலிருந்து உருவான வீடுகள் பலவற்றுக்கு இந்த நிபந்தனை உண்டு.

அந்த விலக்கைக் கூர்ந்து படித்தால், சட்டம் தயக்கத்தோடு நான் சொல்லும் கோட்டுக்கே வந்து சேர்ந்திருப்பது தெரியும். மாட்டுத்தொழுவத்தில் எந்தக் குடும்பமும் குடியிருக்கவில்லை, ஆகவே அதை விடுமுறை வீடாக்கியதால் எந்தக் குடும்பமும் வெளியேறவில்லை என்பதே அதன் உள்ளர்த்தம். அதை ஒரு மூலையில் விலக்காக வைக்காமல் கொள்கையின் நடுவில் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. நாள் கணக்கு உழவரையும் ஊக வணிகரையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. 182 நாளை ஒரு நிறுவனம் விளம்பரச் செலவால் எளிதில் நிரப்பிவிடும், மலைக்கிராமத்துப் பெண்மணியால் முடியாது. அதிக நாள் ஆள் தங்கிய வீடு நல்ல விடுமுறை வீடு என்றாகிவிட்டால், ஊருக்கு நடுவே நல்ல குடியிருப்பை விழுங்கி ஆண்டெல்லாம் நிரப்பும் ஆளுக்குப் பரிசும், பாழும் களஞ்சியத்தைப் புதுப்பித்தவருக்குத் தண்டனையும் கிடைக்கும். நாளை எண்ணுவதை விடக் கட்டடத்தை அறிவது நீதி.

மூன்றாவது வாதம் குவினெத்தின் வீட்டுச் சொந்தக்காரர்களுடையது. வாழ்நாள் முழுக்க உழைத்து வாங்கிய வீடு, அதை யாருக்கு விற்கலாம் என்பதில் கவுன்சில் தலையிட்டால் மதிப்பு குறையும்; முதுமைக்கு வைத்திருந்த ஒரே சேமிப்பு அதுதானே என்கிறார்கள். இப்படிக் கேட்பவர்களில் வேல்ஸ் மொழி பேசும், பிறந்த ஊரை விட்டுப் போகாத முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இழப்பை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மதிப்பு எப்படி உயர்ந்தது? ஊர்ச் சம்பளத்தால் உயரவில்லை. வெளியூர்ச் சம்பளம் போட்டியிட்டதால் உயர்ந்தது. அந்த உயர்வின் செலவை அவர்களுடைய பேரப்பிள்ளைகளே வேறு ஊரில் வாடகை கொடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் மக்களில் பெரும்பான்மையினருக்கு வீட்டுச் சந்தை எட்டாமல் போய்விட்டது என்பது கவுன்சிலின் சொந்த மதிப்பீடு. விலை சற்று இறங்குவதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஊருக்குள்ளேயே விற்பவருக்கு அரசு ஈடு தர வேண்டும். வலியை ஒரு தலைமுறையின் மீது மட்டும் இறக்கிவைப்பது கொள்கையின் குறை. கொள்கையே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது.

மொழி தேய்வதற்கு வேலையின்மையே காரணம், வீடு இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வேலை முக்கியம்தான். ஆனால் வேலை கிடைத்தவரும் தங்க வீடில்லாமல் போகும்போது காரணங்களைத் தனித்தனியே பிரித்துப் பேசிப் பயனில்லை. இரண்டையும் சேர்த்தே கையாள முடியும் என்பதற்கு லீன் தீபகற்பத்தில் நான்ட் குர்தெய்ர்ன் இருக்கிறது. கடலை ஒட்டிய செங்குத்தான மலை மடிப்பில், இங்கிலாந்து நகரங்களின் தெருக்களுக்குக் கருங்கல் வெட்டிய குவாரியின் தொழிலாளர் குடியிருப்பு அது. இரண்டு வரிசை வீடுகள், ஒரு சிற்றாலயம். குவாரி மூடியது, கடைசிக் குடும்பமும் 1959இல் மலையேறி வெளியேறியது, கதவுகளும் ஓடுகளும் போயின. பக்கத்து ஊரான லான்ஐல்ஹாயர்னில் மருத்துவராக இருந்த கார்ல் க்ளவ்ஸ், 1974இல் ஊர்க்காரர்களோடு ஒரு கூட்டுறவு அமைப்பை உருவாக்கியவர். அவர் முன்நின்று பணம் திரட்டி 1978இல் இந்தப் பாழூர் வாங்கப்பட்டது. தனித்தனி விடுமுறை வீடுகளாக விற்றிருந்தால் அன்றே நல்ல காசு கிடைத்திருக்கும். அவர்கள் வேல்ஸ் மொழி கற்பிக்கும் மையமாக்கினார்கள். 1982 முதல் அங்கே வகுப்புகள் நடக்கின்றன. கற்க வருபவர்கள் குவாரித் தொழிலாளியின் வீட்டிலேயே தங்குகிறார்கள். மொழி கற்காமல் கடலைப் பார்க்க மட்டும் வருபவர்களுக்கும் அறை உண்டு. சமையலறையிலும் அலுவலகத்திலும் சுற்றுவட்டாரத்து மக்களுக்கு வேலை.

அந்த வீட்டில் தங்குபவரும் விடுமுறைக்காரர்தான். கல், கணப்பு, கடல் எல்லாம் அதே மாதிரிதான். அவர் தரும் பணம் அந்த ஊரின் மொழிக்கே திரும்பிப் போகிறது, அவருக்காக ஒரு குடும்பமும் வெளியேறவில்லை என்பதே வேறுபாடு. இதை எல்லாக் கிராமமும் செய்துவிட முடியாது. கார்ல் க்ளவ்ஸ் போன்றவர்கள் அடிக்கடி பிறப்பதில்லை. ஆனால் மூடிக்கொண்டே போகும் சிற்றாலயங்களும் காலியான பள்ளிக் கட்டடங்களும் ஆட்டுக்கொட்டகைகளும் வேல்ஸின் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் கிடக்கின்றன. விருந்தினரை வரவேற்க அவை போதும், போதாமல் போனால் அங்கே கட்டுப்பாடு வைக்கலாம். குடிலைக் குடியிருப்பவருக்கு விட்டுவிடலாம்.

2027இலிருந்து, தங்கும் ஒவ்வொருவரிடமும் இரவுக்கு 1.30 பவுண்டு வரை சுற்றுலா வரி வசூலிக்க வேல்ஸ் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கிடைக்கிறது. அதற்கு முன்னோடியாக, வாடகைக்கு விடும் இடங்கள் எல்லாம் ஒரு தேசியப் பதிவேட்டில் ஏறப் போகின்றன. வரியை விடப் பதிவேடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உரிமையாளர் பெயரும் படுக்கை எண்ணிக்கையும் கேட்கும் படிவத்தில், இந்தக் கட்டடத்தில் ஒரு குடும்பம் ஆண்டு முழுதும் கடைசியாக வாழ்ந்தது எந்த ஆண்டு என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். நாஷ் முனையின் காவலர் வீடு 1998 என்று எழுதும். தொழுவம், ஒருபோதும் இல்லை என்று எழுதும். ஊர் நடுவே உள்ள குடில், போன வருடம் என்று எழுதும். அந்த விடையைப் பதிவேட்டோடு நிறுத்தாமல் விளம்பரத்திலும் படத்துக்குக் கீழே அச்சிடச் சொன்னால், பிரிஸ்டலிலிருந்து வருபவரும் பிரிட்டனில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து போகிறவரும் முன்பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதைப் படிப்பார்கள். கவுன்சிலும் தன் வரி விகிதத்தை அந்த ஆண்டைப் பார்த்தே நிர்ணயிக்கலாம்.